தடிப்பு வேறுபாட்டு அச்செழுத்து

ஓர் எழுத்தின் பருத்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் இடையே அகல வேறுபாடு மிகுந்து, கோட்டு முனைகளில் 'செரிஃப்' எனப்படும் சிறு கொடுக்கு அமைந்த உரோமன் அச்செழுத்து வகை, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசில் பிர்மின் டிடோவும் இத்தாலியின் பார்மா நகரில் ஜாம்பட்டிஸ்டா பொடோனியும் வெட்டிய எழுத்துகளில் முழு உருப் பெற்றது. அதற்கு வழி திறந்தவர் பர்மிங்காமின் ஜான் பாஸ்கர்வில் ஆவார். 1757இல் வெளியிட்ட வர்ஜில் பதிப்பில் வழவழப்பான தாளும் அடர்கறுப்பு மையும் கொண்டு, மயிரிழைக் கோடும் சிதையாமல் பதியும் என்பதை அவர் காட்டினார்.

தமிழுக்கு இவ்வேறுபாடு பிறவியிலேயே வாய்த்ததன்று. ஓலையில் எழுத்தாணி கீறும் கோடு எத்திசையில் சென்றாலும் ஏறத்தாழ ஒரே அகலமுடையது. அதன்மேல் கரி தடவித் துடைக்கும்போது கீறல் கறுக்குமேயன்றித் தடிப்பதில்லை. கொல்லத்தில் 1578இல் அச்சான 'தம்பிரான் வணக்கம்' முதல் தமிழ் எழுத்து ஈயத்துக்கு மாறத் தொடங்கியது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்துத் தரங்கம்பாடிக்கு அனுப்பப்பட்ட எழுத்துகள் பெரியனவாக இருந்து தாளை விழுங்கியமையால், 1715இல் நிறைவுற்ற புதிய ஏற்பாட்டுப் பதிப்பின்போது அங்கேயே சிறிய எழுத்துகளும் வார்க்கப்பட்டன. அடுத்த நூற்றாண்டில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்டின் முயற்சியால் எழுத்து மேலும் சிறுத்துச் செம்மையுற்றது. 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட வின்சுலோ அகராதி 1862இல் அவ்வச்சகத்திலிருந்தே வெளிவந்தது.

தமிழில் இவ்வகை எழுத்தை வரைவோர்க்குச் சோதனை 'ண' எழுத்தேயாகும். அடுத்தடுத்து நெருங்கி நிற்கும் அதன் சுழிகளில் எல்லாக் கோடும் தடித்தால் உள்வெளி அடைந்துவிடும். எல்லாம் மெலிந்தால் பக்கத்து எழுத்துகளுக்கிடையே அது வெளிறித் தோன்றும். கணினியோடு பரவிய 'லதா' எழுத்துரு ஒரே தடிப்புக் கோட்டை ஏற்று இச்சிக்கலைத் தவிர்த்தது. பெர்னாண்டோ மெல்லோவும் பியோனா ராசும் உருவாக்கிய 'டீரோ தமிழ்' எழுதுகோலின் ஓட்டத்தைப் பின்பற்றித் தடிப்பையும் மெலிவையும் மீட்டது.

இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில் தடிப்பு வேறுபாட்டு எழுத்தின் பயன்பாடு அருகிலுள்ள சிவகாசியின் அச்சுத் தொழிலோடு பிணைந்தது. 1920களில் அங்கு வேரூன்றிய தீப்பெட்டித் தொழிலின் லேபிள் தேவையே அச்சகங்கள் பெருக வித்திட்டது. திருமண அழைப்பிதழில் மணமக்கள் பெயருக்கும், பால்கோவா போன்ற இனிப்புகளின் பெட்டியில் கடைப்பெயருக்கும் இவ்வெழுத்து பொருந்தும். பொடியெழுத்தில் அமையும் சேர்பொருள் விவரத்துக்கு ஒரே தடிப்பு எழுத்தே தக்கது. பொன்தாள் ஒட்டும்போது மயிரிழை ஆங்காங்கே விட்டுப்போவதும், நான்கு வண்ணப் பின்னணியில் வெள்ளையாக விடப்பட்ட இழை வண்ணங்கள் சிறிது விலகினாலும் மூடிப்போவதும் தடிப்பு வேறுபாட்டு எழுத்தின் குறைகள்.

ஈய அச்சில் ஒவ்வோர் அளவுக்கும் எழுத்தைத் தனியே வெட்டியதால், சிறிய அளவில் இழையைச் சற்றுத் தடிக்க விடுவது வழக்கமாயிருந்தது. கணினியில் ஒரே வரைவு எல்லா அளவுக்கும் விரிந்து சுருங்குகிறது. 'ஹார்ப்பர்ஸ் பஜார்' இதழுக்காக ஜோனதன் ஹோப்ளர் டிடோ எழுத்தை ஏழு அளவுகளுக்குத் தனித்தனியே வரைந்தது இதற்கு விடையாகவே. அத்தகைய வரைவு கையில் இல்லாத வடிவமைப்பாளர் சிறிய எழுத்தைச் சுற்றி மெல்லிய கரை கொடுத்து இழையைக் காப்பாற்ற முயல்வதுண்டு. இழை தப்பிவிடும், 'ண'வின் சுழிகள்தாம் அடைந்துபோகும்.