எலும்பின் மேல் எழுதிய பெயர்

கொடைக்கானல் ஏரி வெட்டப்படும் முன்பே, 1845இல், அங்கு முதற்குடில்களை அமைத்தவர்கள் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள். சமவெளியின் நோய்களுக்கு அஞ்சிப் பழனி மலை ஏறியவர்கள். மதுரை மிஷனோ 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து கிளைத்தது. அந்தத் தாய் மிஷனுக்கு 1847இல் வந்துசேர்ந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். கொடைக்கானலின் இந்தத் தூரத்து உறவினர்தான் உடற்கூற்றியலைத் தமிழில் கற்பித்தவர்.

அதற்கு முன் ஒரு படக்கதை. ஹென்றி கிரேயின் உடற்கூற்று நூல் 1858இல் லண்டனில் வெளிவந்தது. அதன் புகழில் பாதி, என் கணக்கில் பாதிக்கும் மேல், படங்களை வரைந்த ஹென்றி வாண்டைக் கார்ட்டருக்கு உரியது. முந்தைய நூல்களின் படங்களில் பெரும்பாலும் எழுத்தோ எண்ணோ குறித்திருக்கும்; படத்துக்கும் குறிப்புக்குமாகக் கண் அலையவேண்டும். கார்ட்டர் பெயரை எலும்பின் மேலேயே, தசையின் நெடுக்கிலேயே எழுதினார். பார்ப்பதும் படிப்பதும் ஒரே செயலாயின. (அதே ஆண்டில் அவர் பம்பாய்க்கு வந்துவிட்டார், கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராகவும் இருந்தார்.)

ஆனால், எலும்பின் மேல் எழுதுவதற்கு முதலில் பெயர் வேண்டுமே! கிறீன் எதிர்கொண்ட சிக்கல் அதுவே. மானிப்பாயில் 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கலைச்சொல்லைத் தமிழில் தேடுவது, கிடைக்காவிடில் வடமொழியில் எடுப்பது, அதுவும் இயலாவிடில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் தருவது என்பது அவர் வகுத்த நெறி. தம் மாணவர்களின் துணையுடன் கிரேயின் நூலைத் தமிழாக்கி, 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என வெளியிட்டார். பாதாதிகேசமும் கேசாதிபாதமும் நடத்திப் பழகிய என் காதுக்கு அத்தலைப்பு அந்நியமாக ஒலிப்பதில்லை. அடிமுதல் முடிவரை ஓர் உடலை வரிசையாக, உறுப்பு உறுப்பாகப் பெயர் சொல்லிப் பார்ப்பது நம் புலவர்கள் அறிந்த முறைதானே? அவர்கள் தோலுக்கு வெளியே நின்றுவிட்டார்கள், அவ்வளவே.

கிறீன் 1873இல் தாயகம் திரும்பினார். அவருக்குப்பின் தமிழ் மருத்துவ வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை.

சென்ற ஆண்டு பாதாதிகேசம் நடத்துகையில், விலங்கியல் துறையிலிருந்து எலும்புக்கூட்டுப் படமொன்றை இரவல் வாங்கி வந்து, ஆங்கிலப் பெயர்களைத் தாள் ஒட்டி மறைத்தேன். தமிழில் எழுதுங்கள் என்றேன். காறை எலும்பு, விலா எலும்பு, தொடை எலும்பு என உற்சாகமாகத்தான் தொடங்கினார்கள். மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகளுக்கு வந்ததும் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் படத்தைப் பார்த்தேன்.