பிரித்தெடுக்கக்கூடிய பழுது: சென்னையின் தென்புறச் சாலைகளில் பழைய டீசல் எஞ்சின்களின் வடிவமைப்பு

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது. அழுத்தத்தால் சூடேறிய காற்றுக்குள் எண்ணெயைப் பீய்ச்சினால் அது தானாகப் பற்றிக்கொள்ள வேண்டும். நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும் லாரி எஞ்சினில் கிராங்க் தண்டு 25 பாகை திரும்ப ஏறக்குறைய இரண்டு மில்லி விநாடிதான் ஆகும். எண்ணெய் துளிகளாகி, ஆவியாகி, காற்றோடு கலந்து எரிவதற்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவே. பழைய வணிக டீசல்களில் காணப்படும் வழக்கத்துக்கு மாறான உருவங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு மில்லி விநாடிச் சிக்கலுக்கு வெவ்வேறு பொறியாளர்கள் கண்ட தீர்வுகள். எந்தத் தீர்வு எவ்வளவு எண்ணெயை மிச்சப்படுத்தியது என்பதைக் கொண்டே பாடநூல்கள் அவற்றை வரிசைப்படுத்துகின்றன. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் வழியாக ஜி.எஸ்.டி. சாலையில் உழைத்த எஞ்சின்களுக்கு அந்த அளவுகோல் போதாது. தேய்ந்துபோன பாகத்தை மட்டும் எஞ்சினிலிருந்து தனியே பிரித்தெடுக்க முடிந்ததா என்பதே இங்கே ஒரு வடிவமைப்பின் ஆயுளைப் பெரிதும் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

சென்னை நகரின் எஞ்சின் தொழில் வடக்கிலும் மேற்கிலும் வேரூன்றியது. 1840-இல் தொடங்கிய சிம்சன் நிறுவனம் செம்பியத்தில் பெர்கின்ஸ் எஞ்சின்களைச் செய்தது. எண்ணூரில் 1948-இல் ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காக எழுந்த அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் லேலண்டுடன் கைகோத்து 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. பாடியில் லூகாஸ்-டிவிஎஸ், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை என்று வரிசை நீள்கிறது. இந்த எஞ்சின்கள் உழைத்துத் தேய்ந்த களங்களில் தென்புறம் முக்கியமானது. பல்லாவரம், திரிசூலம், பம்மல் பகுதிகளின் கருங்கல் குவாரிகள், திருச்சியை நோக்கிப் போகும் சரக்கு லாரிகள், பிராட்வேயையும் தாம்பரத்தையும் இணைத்த 18ஏ தடப் பேருந்துகள், தாம்பரம் வழியாகச் சென்ற மீட்டர் கேஜ் ரயில்களில் ஒரு பகுதி என எல்லாம் டீசலை நம்பியே இருந்தன. 1949-இல் சி. ராஜம் குரோம்பேட்டையில் நிறுவிய எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி) தொடக்கத்திலேயே ஆட்டோமொபைல் பொறியியலைத் தனிப் பாடமாக வைத்ததும் இதே சாலையோரத்தில்தான். அந்நாளில் இந்தியாவில் அது அரிய துணிவு.

எரியறையிலிருந்து தொடங்கலாம். 1932-இல் பீட்டர்பரோவில் தொழில் தொடங்கிய ஃபிராங்க் பெர்கின்ஸ், பெட்ரோல் எஞ்சினின் இடத்தில் பொருந்தக்கூடிய சிறிய, வேகமான டீசலைத் தேடினார். அவருடைய பி6 எஞ்சின் ஆறு சிலிண்டர்களும் 4.73 லிட்டர் கொள்ளளவும் கொண்டது. 2400 சுற்றில் 83 குதிரைத்திறன் தந்தது. எண்ணெய் நேரே சிலிண்டருக்குள் போகாமல், பக்கத்தில் குறுகிய கழுத்தால் இணைக்கப்பட்ட சிற்றறையில் முதலில் பற்றும். காற்று அக்கழுத்தின் வழியே பாய்ந்து சுழல்வதால் கலவை விரைவில் அமையும். நாசிலுக்குப் பெரிய அழுத்தம் வேண்டியதில்லை. ஓட்டமும் மென்மையாக இருக்கும். செம்பியத்தில் உருவான பி6, டாட்ஜ், ஃபார்கோ லாரிகளின் வழியாகத் தமிழ்நாட்டுச் சாலைகளுக்கு வந்தது. 1954-இல் ஜாம்ஷெட்பூரில் தொடங்கிய டாடா-மெர்சிடிஸ் லாரிகளிலும் இதை ஒத்த முன்னறை எரிப்புதான் இருந்தது. ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் உருவான சக்திமான் லாரிக்கு எம்.ஏ.என். நிறுவனம் வேறொரு தீர்வைக் கொடுத்தது. பிஸ்டனின் தலையில் உருண்டைக் குழி வைத்து, எண்ணெயை அதன் சுவரில் மெல்லிய படலமாகப் படியவிட்டு, அங்கிருந்து சிறிது சிறிதாக ஆவியாக்கி எரிப்பது அம்முறை. அதிர்வொலி குறையும், பலவகை எரிபொருளையும் அது ஏற்கும்.

எண்ணூரின் காமெட் லாரிக்கு வந்த லேலண்ட் எஞ்சினில் இப்படி எதுவும் இல்லை. பிஸ்டன் தலையில் ஒரு குழி, அதற்குள் நேரடிப் பீய்ச்சல், மேலே தள்ளுகோலால் திறக்கும் வால்வுகள், ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்கள். பார்க்கச் சாதாரணமான இந்த அமைப்பு சென்னையின் வெயிலுக்கு ஏன் ஏற்றது என்பதை விளக்க வேண்டும். சிற்றறை எஞ்சினின் பெரிய குறை குளிர்ச்சியில் கிளம்ப மறுப்பது. ஐரோப்பியக் குளிர்காலத்தில் அதற்குச் சூடேற்றும் பிளக் வேண்டும். சென்னையில் அந்தக் குறை ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. அதே எஞ்சினின் இன்னொரு குறையை இந்த ஊர் பெரிதாக்குகிறது. அறைச் சுவர்களின் பரப்பு அதிகம் என்பதால் வெப்பம் கூடுதலாகக் குளிர்நீருக்குள் இறங்கும். மே மாதத்தில் வெளிக்காற்றே 40 பாகை செல்சியஸைத் தாண்டும்போது, பாரம் ஏற்றிக்கொண்டு மீனம்பாக்கம் வழியாக ஊர்ந்து செல்லும் லாரியின் ரேடியேட்டருக்கு அந்தக் கூடுதல் வெப்பம் தாங்காது. நேரடிப் பீய்ச்சல் எஞ்சின் எண்ணெயையும் பத்து விழுக்காட்டுக்கு மேல் மிச்சப்படுத்துகிறது. பெர்கின்ஸ் நிறுவனமே 1960-ஐ ஒட்டி 6.354, 3.152 ஆகிய எஞ்சின்களில் நேரடிப் பீய்ச்சலுக்கு மாறிவிட்டது. இந்தப் பெயர்களில் முதல் எண் சிலிண்டர்களின் எண்ணிக்கை, அடுத்தது கன அங்குலத்தில் கொள்ளளவு.

ஆகவே எரிதிறன் பொருட்டே அல்ல என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பி6, காமெட், டாடா மூன்றுமே ஒரு பண்பில் ஒத்தவை. ஹெட்டைத் தூக்கினால் வால்வும் பிஸ்டன் தலையும் கண்ணுக்குத் தெரியும். அடியில் சம்பைக் கழற்றினால் கனெக்டிங் ராடும் பேரிங்கும் கைக்கு எட்டும். லைனர் தேய்ந்தால் லைனரை மாற்றலாம். கிராங்க் தேய்ந்தால் அரைத்து, அதற்கேற்ற குறையளவு பேரிங் போடலாம். அசோக் லேலண்டின் ஹிப்போ, பீவர் போன்ற கனரக வண்டிகளில் வந்த 680 எஞ்சின் இன்னும் ஒரு படி மேலே போனது. 127 மி.மீ. துளையும் 146 மி.மீ. வீச்சும் கொண்ட அந்த 11.1 லிட்டர் எஞ்சினுக்கு ஒரே நீண்ட ஹெட் இல்லை. மூன்று சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு. ஒரு பக்கத்தில் கேஸ்கெட் எரிந்தால் அந்தப் பாதியை மட்டும் தூக்கினால் போதும். குவாரித் தூசியில் உழைக்கும் வண்டிக்கு இது சிறிய வசதி அல்ல. கருங்கல் பொடி காற்று வடிகட்டியைத் தாண்டிவிட்டால் ரிங்கும் லைனரும் அரைபட்டுப்போகும். தூசியைத் தடுக்கவே முடியாத இடத்தில் தேய்மானத்தை எளிதில் களைய முடிவதுதான் காப்பு.

இந்த வாதத்தைச் சோதிக்க எதிர்த்திசை உரைகல் ஒன்று தேவை. ஆவடியில் அது கிடைக்கிறது. 1965 முதல் அங்கே கட்டப்பட்ட விஜயந்தா டாங்கியின் எல்60 எஞ்சினும் லேலண்டுடையதே. வணிக எஞ்சின் அல்ல என்றாலும் ஒப்பீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று அமையாது, ஏனென்றால் ஒரே நிறுவனத்தின் இரு வேறு சிந்தனைகள் ஒரே நகரத்தின் இரு முனைகளில் வந்து சேர்ந்தன. எல்60 செங்குத்தான ஆறு சிலிண்டர்களும் 19 லிட்டர் கொள்ளளவும் கொண்ட இருவீச்சு எஞ்சின். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எதிரெதிராக நகரும் இரண்டு பிஸ்டன்கள். மேலே ஒரு கிராங்க் தண்டு, கீழே ஒரு கிராங்க் தண்டு, இரண்டையும் பற்சக்கரங்கள் இணைக்கும். பிஸ்டன்களே சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளைத் திறந்து மூடுவதால் வால்வு இல்லை, ஹெட்டும் இல்லை. கிடைத்த எண்ணெயில் ஓட வேண்டும் என்ற ராணுவத் தேவைக்காக, ஜெர்மனியின் யுங்கர்ஸ் காட்டிய வழியில் உருவானது இது.

சாலை லாரியிலும் இதே கருத்து வெற்றிகரமாக ஓடியது. 1954-இல் ரூட்ஸ் நிறுவனத்தின் காமர் லாரிக்கு வந்த டி.எஸ்.3 எஞ்சினில் மூன்று சிலிண்டர்களும் ஆறு பிஸ்டன்களும் கிடையாகப் படுத்திருந்தன. ஆட்டுக்கோல்கள் வழியாக ஆறு பிஸ்டன்களின் விசையும் கீழேயிருந்த ஒரே கிராங்க் தண்டுக்கு வந்தது. 3.26 லிட்டரில் 105 குதிரைத்திறன். பி6 தன் 4.73 லிட்டரில் தந்தது 83. எரியறை சுருக்கமாக, இரு பக்கமும் சூடான பிஸ்டன் தலைகளால் அடைபட்டிருப்பதால் வெப்ப இழப்பு குறைவு. தாளில் பார்த்தால் பாகங்களும் குறைவு.

பாகங்கள் குறைந்ததால் பழுதுபார்ப்பது எளிதாகவில்லை. ஹெட் என்பது எஞ்சினின் கதவு. கதவு இல்லாத வீட்டில் உள்ளே போகச் சுவரைத்தான் உடைக்க வேண்டும். எல்60-இல் ஒரு லைனரை எடுக்க மேலேயுள்ள கிராங்க் தண்டின் இணைப்புகளைக் கலைத்தாக வேண்டும். அந்த லைனர்தான் அதிகம் துன்பப்படும் பாகமும்கூட. நடுவில் எரிப்பு, ஒரு முனையில் குளிர்ந்த காற்று நுழையும் துளை, மறுமுனையில் கனன்ற புகை வெளியேறும் துளை. ஒரே குழாயின் நீளத்தில் இவ்வளவு வெப்ப வேறுபாடு இருந்தால் விரிசலும் நீர்க்கசிவும் வராமல் இராது. பிரிட்டனின் சீஃப்டன் டாங்கியில் எல்60 பல்லாண்டு தந்த தொல்லைகளில் லைனர் தொல்லை முதன்மையானது. தேர்ந்த ராணுவப் பட்டறைகளும் தடையற்ற உதிரிகளும் இருந்த இடத்திலேயே நிலைமை அதுதான்.

லேலண்ட் இதே பாதையில் வணிக எஞ்சினிலும் ஒருமுறை சென்றது. 1968-இல் வந்த 500 வரிசையில் ஹெட்டையும் பிளாக்கையும் ஒரே வார்ப்பாகச் செய்தார்கள். கேஸ்கெட் எரிவதுதான் லாரி எஞ்சினின் தீராத நோய் என்றால், கேஸ்கெட்டே இல்லாமல் செய்துவிடலாம் என்பது அதன் தருக்கம். நோய் போனது உண்மை. ஆனால் வால்வைத் தொடக்கூட எஞ்சினை அடியிலிருந்து குடைந்துவர வேண்டியதாயிற்று. எண்ணூர் இந்த வரிசையைத் தொடாமல் 370, 400, 680 என்ற பழைய குடும்பத்தையே வளர்த்ததைத் தொழில்நுட்பப் பின்தங்கல் என்று மட்டும் வாசிப்பது பிழையான வாசிப்பு.

உதிரி பாகம் உள்ளூரில் மலிவாகக் கிடைத்ததால்தான் இந்த எஞ்சின்கள் நிலைத்தன, வடிவமைப்புக்கு அதில் பங்கில்லை என்று ஒருவர் மறுக்கலாம். வலுவான மறுப்பே இது. ஆயினும் உதிரிச் சந்தை தானாக முளைப்பதில்லை. பிஸ்டன், ரிங், லைனர், வால்வு, நாசில் என்று ஒவ்வொன்றும் தனிப்பொருளாகக் கழன்று வரும்போதுதான் அவற்றைத் தனித்தனியே செய்து விற்க ஆள் வருவார்கள். செம்பியத்தில் 1949-இல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ் முதல் சாலையோர லேத் பட்டறை வரை எல்லாருக்கும் பிழைப்பு கொடுத்தது இந்தக் கழற்றப்படும் தன்மை. சந்தைக்கு முன்னே வடிவமைப்பு நிற்கிறது.

வாதத்துக்கு உண்மையான நெருக்கடி வேறொரு பொருளிலிருந்து வருகிறது: லூகாஸ்-டிவிஎஸ் செய்த டி.பி.ஏ. எண்ணெய்ப் பம்பு. பழைய வரிசைப் பம்பில் ஆறு சிலிண்டருக்கு ஆறு உந்துதண்டுகள் இருக்கும். அமெரிக்கரான வெர்னன் ரூசாவின் கருத்தை ஒட்டி பிரிட்டனின் சி.ஏ.வி. 1950-களில் கொண்டுவந்த டி.பி.ஏ.-வில், சுழலும் உருளைக்குள் எதிரெதிரான இரண்டு உந்துதண்டுகள் மட்டுமே இருந்து, எல்லாச் சிலிண்டருக்கும் முறைவைத்து எண்ணெய் பங்கிட்டன. கையடக்கமானது, மலிவானது, சிலிண்டருக்குச் சிலிண்டர் அளவு மாறாதது. ஆனால் அதற்குள் ஓடும் டீசலே அதன் மசகு. மண்ணெண்ணெய் கலந்த டீசலும் தண்ணீர் இறங்கிய டேங்கும் அதை அரித்துவிடும். அதன் உட்பொருத்தத்தின் நுட்பமோ சாலையோரத்தில் கைவைக்க முடியாத அளவு. பிரித்தெடுக்க முடியாத பொருள் எப்படி நிலைத்தது? பம்பு முழுவதுமே ஓர் அலகாகக் கழன்று வந்தது என்பதே விடை. சில போல்ட்டுகளும் பைப்புகளும் கழன்றால் பம்பு கைக்கு வந்துவிடும். பம்பு சர்வீஸ் கடையில் மேடையிலேற்றி அளவு சரிபார்த்துத் திரும்ப மாட்டி, ஏர் எடுத்தால் வண்டி கிளம்பும். ஆகவே வாதத்தைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும்: ஒவ்வொரு பாகமும் எளிதாக இருக்க வேண்டியதில்லை; பழுதுள்ள பகுதி எஞ்சினின் மற்ற பகுதிகளைக் கலைக்காமல் வெளியே வந்தால் போதும்.

இந்தத் திருத்திய வடிவத்தைத் தண்டவாளம் உறுதிசெய்கிறது. தாம்பரம் வழியாகத் தெற்கே சென்ற மீட்டர் கேஜ் ரயில்களை இழுத்தவற்றில், 1961-இலிருந்து இந்தியாவுக்கு வந்த ஒய்.டி.எம்.4 இன்ஜின்களும் உண்டு. அவற்றின் பெரிய கொட்டகை பொன்மலையில் இருந்தது. அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் 251 எஞ்சின்தான் அவற்றின் உள்ளே. 228.6 மி.மீ. துளை, 266.7 மி.மீ. வீச்சு, அதாவது அதன் ஒரு சிலிண்டர் ஏறக்குறைய 10.9 லிட்டர், லேலண்ட் 680-இன் ஆறு சிலிண்டரும் சேர்ந்த அளவு. இவ்வளவு பெரிய எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி ஹெட், தனி லைனர், தனி எண்ணெய்ப் பம்பு. பிளாக்கும் வார்ப்பல்ல, எஃகுத் தகடுகளைப் பற்றவைத்துச் செய்தது. 680 இரண்டாகப் பிரித்ததை 251 ஆறாகப் பிரித்துவிட்டது. ஒரு சிலிண்டர் கெட்டால் அதை மட்டும் கிரேனில் தூக்கி மாற்றலாம். 2004 ஜூலையில் கடற்கரை-தாம்பரம் மீட்டர் கேஜ் மூடப்பட்டது அகல ரயில்பாதைத் திட்டத்தால். எஞ்சினின் குறையால் அல்ல.

சாலை எஞ்சின்களின் காலத்தை முடித்ததும் பழுது அல்ல, புகைக் கட்டுப்பாடு. சென்னையில் பாரத் ஸ்டேஜ் 2 விதி 2001-இலும், 4 விதி 2010-இலும், 6 விதி 2020-இலும் வந்தன. பழைய நாசில் ஏறக்குறைய 200 வளிமண்டல அழுத்தத்தில் திறந்தது. காமன் ரெயில் முறையில் அழுத்தம் ஆயிரத்துக்கு வெகுமேலே. எப்போது, எவ்வளவு பீய்ச்சுவது என்பதைக் கணினி முடிவுசெய்கிறது. இங்கும் நாசிலும் பம்பும் தனி அலகுகளாகக் கழலத்தான் செய்கின்றன. ஆனால் எதைக் கழற்றுவது என்பதை மெக்கானிக்கின் காதும் கையும் சொன்ன நிலை போய், ஸ்கேனர் கருவி சொல்லும் நிலை வந்துவிட்டது. அந்த மாற்றம் தனி ஆய்வுக்குரியது. இதற்கிடையே மூன்று சிலிண்டர் 3.152-இன் வழிவந்த சிம்சன் எஞ்சின்கள் டாஃபே டிராக்டர்களிலும் ஜெனரேட்டர்களிலும் உழைக்கின்றன. லேலண்டின் பழைய ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, புறநகர்த் தண்ணீர் லாரிகளிலும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளின் கம்ப்ரசர்களிலும் இரண்டாம் வாழ்க்கையைத் தொடங்கின.