ரேஷன் கார்டை ரத்து செய்யும் அல்காரிதம்: பாதிக்கப்பட்டவருக்கு என்ன உரிமை?

ஹைதராபாதில் ஒரு ரிக்‌ஷா தொழிலாளியின் குடும்பம். 2016-ல் அவர்களுடைய ரேஷன் கார்டு ரத்தானது. காரணம், அந்த வீட்டில் கார் இருக்கிறதாம்! உண்மையில் கார் வேறொருவருடையது. இருவரின் பெயரும் கிட்டத்தட்ட ஒன்று, அவ்வளவுதான்.

2024-ல் அல் ஜசீராவும் 'ரிப்போர்ட்டர்ஸ் கலெக்டிவ்' செய்தியாளர்களும் வெளிக்கொண்டு வந்த சம்பவம் இது. நலத்திட்டங்களில் ஏஐ நுழையும்போது என்ன நடக்கலாம் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

சமக்ர வேதிகா என்றால் என்ன?

தெலங்கானா அரசு பயன்படுத்தும் மென்பொருள் அமைப்பு. வாகனப் பதிவு, சொத்து என வெவ்வேறு துறைகளின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்து, "இந்தக் குடும்பத்துக்கு உதவி தேவையா, இல்லையா?" என்று கணிக்கும். போலிப் பயனாளிகளை நீக்குவதுதான் நோக்கம்.

எங்கே தவறுகிறது?

ஒவ்வொரு துறையிலும் பெயரும் முகவரியும் ஒவ்வொரு மாதிரி பதிவாகியிருக்கும். இரண்டு பதிவுகளும் ஒரே ஆளுடையதா என்பதை மென்பொருள் ஊகிக்கத்தான் முடியும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 99% துல்லியம் என்றாலும், 10 லட்சம் குடும்பங்களைப் பரிசோதித்தால் 10,000 குடும்பங்களுக்குத் தவறான முடிவு வரும். நமக்கு அது 1% பிழை. அந்த வீடுகளில் அது மாத அரிசி.

எண்கள் என்ன சொல்கின்றன?

அந்தப் புலனாய்வின்படி, 2014 முதல் 2019 வரை தெலங்கானாவில் 18.6 லட்சத்துக்கும் அதிகமான உணவுப் பாதுகாப்பு அட்டைகள் முன்னறிவிப்பின்றி ரத்து செய்யப்பட்டன. நேரில் போய் சரிபார்க்குமாறு 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலை வரை சுமார் 2.05 லட்சம் மறுஆய்வு விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்பட்டன. அவற்றில் சுமார் 15,500 பேர் தகுதியானவர்கள் என ஏற்கப்பட்டனர். அதாவது 13 பேரில் ஒருவர்.

சட்டம் பாதுகாக்கிறதா?

ஓரளவுக்குத்தான். மானியம், நலத்திட்டம் போன்றவற்றுக்காக, சில நிபந்தனைகளுடன், புதிதாக ஒப்புதல் கேட்காமலே அரசு நம் தரவைப் பயன்படுத்த 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்கிறது. இயந்திரம் எடுத்த முடிவுக்கு விளக்கம் கேட்கும் தனி உரிமை அதில் இல்லை.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. சமூகநல மோசடியைக் கணிக்க நெதர்லாந்து அரசு பயன்படுத்திய 'சிரி' அமைப்பை, போதிய வெளிப்படைத்தன்மை இல்லை என்று சொல்லி 2020-ல் ஹேக் நீதிமன்றம் நிறுத்தியது. அரசு உதவிக்கான தகுதியை முடிவுசெய்யும் ஏஐ-யை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 சட்டம் 'அதிக ஆபத்து' பட்டியலில் வைத்திருக்கிறது.

கார்டு ரத்தானால் என்ன செய்யலாம்?

* காரணம் கேளுங்கள்: முடிவால் பாதிக்கப்பட்டவருக்குக் காரணத்தைத் தெரிவிப்பது அரசு அலுவலகத்தின் கடமை என்கிறது தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 4(1)(d). ஆர்டிஐ மனுவுக்கு 30 நாட்களில் பதில் தர வேண்டும்.
* புகார் கொடுங்கள்: 2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டக் குறைதீர் அலுவலரை அணுகலாம். அங்கே தீர்வு கிடைக்கவில்லை என்றால் மாநில உணவு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.
* எழுத்தில் வையுங்கள்: மனுவின் நகல், ஒப்புகைச் சீட்டு இரண்டையும் பத்திரப்படுத்துங்கள்.

இது போதுமா?

போதாது. இவை எல்லாமே கார்டு போன பிறகு கிடைக்கும் வழிகள். கார் இல்லை என்று நிரூபிக்க, தினக்கூலிக்குப் போகிறவர் வேலையை விட்டுவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருக்கிறது. கார் இருக்கிறது என்று சொல்வது மென்பொருள் என்றால், அதை நிரூபிக்க வேண்டியதும் அதைப் பயன்படுத்தும் அரசுதான். முதலில் நோட்டீஸ், பிறகு ஓர் அதிகாரியின் நேரடி விசாரணை, அதுவரை ரேஷன் தொடர வேண்டும். ஏஐ பட்டியல் தரலாம். ஆனால் ரத்து உத்தரவில் பெயரோடு கையெழுத்துப் போட்டு, அதற்குப் பொறுப்பேற்க ஒரு மனிதர் இருக்க வேண்டும்.