ஏரிக்கரைக் கூடாரம்

சனிக்கிழமை விடிந்ததும் மோட்டாரின் பின்புறத்தில் ஒரு கூடாரம், ஒரு ஜமக்காளம், நாலு பொட்டலம் புளியோதரை இவற்றைப் போட்டுக்கொண்டு பட்டணத்தை விட்டுப் புறப்பட வேண்டியது. ஏதாவது ஓர் ஏரிக்கரையில் இறங்க வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை மாலை வரையில் ஒரு காரியமும் செய்யாமல் இருக்க வேண்டியது. சென்னைவாசிகளிடையே இப்படி ஒரு வழக்கம் பரவி வருகிறது. மெத்தச் சரி. ஒரு காரியமும் செய்யாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பது முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தோதான இடம் எது என்று என்னைக் கேட்டால் மதுராந்தகம் என்பேன். திருச்சி நெடுஞ்சாலையில் சுமார் 80 கிலோமீட்டர். நல்ல மழை பெய்த வருஷமாகப் பார்த்து, தை மாதத்தில் போக வேண்டும். ஏரியின் பரப்பு ஏறக்குறைய 2,400 ஏக்கர். நிரம்பியிருக்கும்போது அந்திவேளையில் அதைப் பார்த்தால் பேச்சு தானாகவே நின்றுபோகும்.

"ஆஹா! இயற்கையின் அழகே அழகு!" என்றார் என்னோடு வந்த நண்பர் ஒருவர். அழகு வாஸ்தவந்தான், ஆனால் இயற்கை அல்ல. தொண்டை மண்டலத்தில் ஜீவநதி கிடையாது. பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி மணலாறு. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்க்கும் மழையைப் பிடித்து வைத்துக்கொண்டால்தான் சோறு. ஆகவே நம் முன்னோர்கள் சரிந்து கிடக்கும் நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பினார்கள். வயலுக்கு நீர் விட மதகு. மிஞ்சியது வழிந்தோடக் கலங்கல். அவ்வளவுதான் ஏரி. அந்த மண்கரை ஓரிடத்தில் உடைந்தால், விடிவதற்குள் ஏரியும் இல்லை, கீழே பயிரும் இல்லை.

மதுராந்தகன் என்றால் மதுரைக்கு யமன் என்று பொருள். பாண்டியரை வென்ற பெருமையில் சோழர் சிலர் சூடிக்கொண்ட பட்டம் அது. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட உத்தம சோழனுக்கும் அந்தப் பெயர் உண்டு. ஏரியை வெட்டியவன் அவனே என்பார்கள். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு மதுராந்தகன்மேல் அவ்வளவு பிரியம் இராது. ஏரியைப் பார்த்த பிறகு கொஞ்சம் உண்டாகலாம்.

ஏரியை வெட்டுவது ஒரு தடவை. காப்பது வருஷா வருஷம். இதை அறிந்தவர்கள் பக்கத்து உத்திரமேரூரில் இருந்தார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில் 919-லும் 921-லும் பொறித்த கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. குடவோலைத் தேர்தலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அந்தத் தேர்தல் எதற்கு என்று கேட்பவர்கள் குறைவு. சீட்டெடுத்துப் பொறுக்கிய வாரியங்களில் ஏரி வாரியம் ஒன்று. அதில் ஆறு பேர்; பதவிக்காலம் 360 நாள். முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. ஏரி விஷயத்தில் அவர்கள் அவ்வளவு கண்டிப்பு.

பிற்காலத்தில் அந்தக் கண்டிப்பு தளர்ந்தது. 1763-ல் ஆற்காட்டு நவாப் செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினியாருக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1780-ல் ஹைதர் அலியின் படை வந்தபோது ஊர்கள் பாழாயின. பல ஏரிகள் கவனிப்பாரற்றுப் போயின. 1794 முதல் 1798 வரையில் அங்கே கலெக்டராக இருந்தவர் லியோனல் பிளேஸ் துரை. ஏரி பழுது பார்ப்பதில் அவருக்கு மிகுந்த அக்கறை. அருகிலுள்ள வேடந்தாங்கலில் கூடு கட்டும் பறவைகளைச் சுட வேண்டாம் என்று ஊரார் முறையிட, 1798-ல் அவர்கள் பக்கம் நின்று உத்தரவு கொடுத்தவரும் இவரே.

மதுராந்தகத்தில் அவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. கரை அடிக்கடி உடைந்துகொண்டிருந்த காலம். மழை நாளில் துரை அங்கே முகாம் போட்டிருந்தார். ராமர் கோயிலார் தாயார் சந்நிதிக்குத் திருப்பணி செய்யப் பொருள் கேட்டார்கள். "உங்கள் சுவாமி இந்த வருஷம் கரையைக் காப்பாற்றட்டும், நான் சந்நிதி கட்டித் தருகிறேன்" என்றார் துரை. அன்றிரவு பேய்மழை. துரைக்குத் தூக்கம் வரவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு கரைக்குப் போனார். மின்னல் வெளிச்சத்தில் வில்லும் கையுமாக இரண்டு வாலிபர்கள் கரைமேல் காவல் நிற்பதைக் கண்டு மண்டியிட்டாராம். கரை உடையவில்லை. சந்நிதி எழுந்தது. ராமருக்கு 'ஏரி காத்த ராமர்' என்று பெயர் நிலைத்தது.

கதை எழுதிப் பிழைப்பவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. கதையில் பெயர் சொல்லாமல் விடப்பட்ட ஆட்களை அவன் தேடுவான். கலெக்டருக்கே தூக்கம் வராத இரவில், கரைமேல் வேறு யாருமே இல்லையா? மண்வெட்டியும் கூடையுமாக ஊர் ஜனங்கள் நின்றிருக்க மாட்டார்களா?

இந்தக் கேள்விக்கு 1858-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று ஒருவாறு பதில் சொல்கிறது. கரை உடையும் அபாயம் நேர்ந்தால், உழைத்துப் பிழைக்கும் வகுப்பைச் சேர்ந்த திடகாத்திரமான ஆண்களைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கலாம் என்றது சென்னை ராஜதானியின் அந்தச் சட்டம். கூலி உண்டு; வர மறுத்தால் தண்டனையும் உண்டு. எல்லோரையும் அல்ல, உழைத்துப் பிழைப்பவர்களை மட்டுமே. கரைக்குக் கீழே விளைந்த நெல் பெரும்பாலும் மிராசுதார்களுடையது. நடுநிசியில் உடைப்பில் இறங்கியவனுக்கு அங்கே ஒரு குழி நிலம்கூட இருந்திராது. உடைப்பை அடைத்துவிட்டு, ஈரத்துணியோடு குடிசைக்குத் திரும்பினான். அவன் பெயரைக் கல்லில் யாரும் வெட்டவில்லை. பக்தர்கள் கோபிக்கக் கூடாது: ராமர் அன்றிரவு வந்திருந்தால், அந்த மனிதர்களுக்குத் துணையாகவே வந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

கூடாரத்தோடு போகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கரையின்மேல் முளை அடிக்காதீர்கள். கரை கசியத் தொடங்க ஒரு நண்டு வளை போதும் என்பார்கள் கிராமத்தார். ஊராரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, தள்ளி ஒரு மேட்டில் இடம் பாருங்கள். பிறகு சாவகாசமாகப் படுத்துத் தூங்கலாம்.