முதுமையில் கனிந்த நாகசுரம்

முதிர்ந்த இசைவாணர் ஒருவரின் இறுதிக்கால அருமையை எதனைக் கொண்டு அளப்பது? பெற்ற விருதுகளைக் கொண்டா? திருவரங்கத்தில் வாழ்ந்த நாகசுர வித்துவான் மர்ஹூம் ஷேக் சின்ன மௌலானா சாகிபின் வாழ்வு வேறோர் அளவுகோலை நமக்குத் தருகிறது.

ஆந்திரத்தில், ஒங்கோலை அடுத்த கரவதியில், நாகசுரத்தைப் பரம்பரைக் கலையாகப் போற்றிய முஸ்லிம் குடும்பத்தில் 1924இல் பிறந்தவர் அன்னார். தந்தையாரிடமே முதற்பாடம் கேட்டார். எனினும் தஞ்சைப் பாணியில் உள்ளம் தோய்ந்து, நாச்சியார்கோயில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் மீண்டும் மாணவராக அமர்ந்தார். பின்னர்க் காவிரிக்கரையையே தம் வாழ்விடமாக்கிக் கொண்டார்.

1977இல் பத்மஸ்ரீ விருது வந்தது. புகழின் நிழலில் அவர் ஓய்ந்துவிடவில்லை. திருவரங்கத்தில் சாரதா நாகசுர சங்கீத ஆசிரமத்தை நிறுவினார். தாம் தேடிப் பெற்ற பாணியை அங்கே இளைஞர்க்கு வழங்கினார். பேரர்கள் காசிமும் பாபுவும் அவருடன் மேடையில் அமர்ந்து வாசித்தனர். 1998இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் அவரை அடைந்தது. மறு ஆண்டே அவர் மறைந்தார்.

பட்டத்தை அவர் அனுபவித்தது சில மாதங்களே. ஆனால் அவரிடம் பயின்ற காலீஷாபி, ஷேக் மஹபூப் சுபானி தம்பதியர் 2020இல் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வாயினர். அன்னாரின் இறுதிக்கால உழைப்பின் விளைச்சல் அதுவேயன்றோ! கற்றதைக் கைமாற்றிச் சென்றவரின் மூச்சு அவரோடு அடங்குவதில்லை.