சரிதா தேவியின் கழுத்தில் விழாத பதக்கம்

2014 செப்டம்பர் 30. தென்கொரியாவின் இன்சியோன் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. பெண்கள் 60 கிலோ குத்துச்சண்டை அரையிறுதியில் மணிப்பூரைச் சேர்ந்த லைஷ்ராம் சரிதா தேவியும் கொரியாவின் பார்க் ஜி-னாவும் மோதினார்கள். இரண்டிரண்டு நிமிடமாக நாலு ரவுண்டு. சரிதாதான் ஜெயித்துவிட்டார் என்று பார்த்தவர்களில் பலரும் நினைத்துக்கொண்டிருந்தபோது ரெஃபரி கொரியப் பெண்ணின் கையைத் தூக்கினார். மூன்று நடுவர்களும் ஒரே பக்கம். 3-0.

சரிதா சாதாரண ஆள் இல்லை. 2006இல் தில்லியில் உலகச் சாம்பியன் ஆனவர். 2013இல் குழந்தை பெற்று, மறுபடி கிளவுஸ் மாட்டி, அந்த 2014லேயே கிளாஸ்கோ காமன்வெல்த்தில் வெள்ளி வாங்கியவர். தீர்ப்பை எதிர்த்து மனுப் போட 500 டாலர் கட்ட வேண்டும். கையில் அந்தக் காசு இல்லாமல் கூட இருந்தவர்களிடம் கடன் வாங்கிக் கட்டினார்கள் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. மனு தள்ளுபடி ஆனது. நடுவர் போட்ட மார்க்கை எதிர்த்து மனுப் போட விதியில் இடமில்லையாம்.

மறுநாள் பதக்க மேடை. வெண்கலத்தை மாட்ட வந்தபோது சரிதா கழுத்தை நீட்டவில்லை. கையில் வாங்கினார், அழுதார், போய் பார்க் ஜி-னாவின் கழுத்தில் மாட்டினார். அந்தப் பெண் திருப்பிக் கொடுக்க வந்தபோது வாங்காமல் மேடையிலேயே விட்டுவிட்டு இறங்கினார்.

அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு எங்கள் பக்கம் லேசில் அடங்கவில்லை. நெய்வேலியில் ஷிஃப்ட் முடித்து பஸ் பிடித்து வருகிறவர்களும் திருவதிகைப் பையன்களும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ரவுண்டு ரவுண்டாகப் பிரித்துப் போட்டார்கள்.

"பாயிண்டுக்கு வுட்டா இப்பிடித்தான்டா ஆவும். அவன் ஊரு, அவன் ஆளு. நாக்-அவுட் பண்ணியிருக்கணும்."

"அது இன்னாண்ணே ஞாயம்? அந்தப் பொண்ணுக்குச் சும்மா நின்னா போதும், இந்தப் பொண்ணு மட்டும் அடிச்சிச் சாய்க்கணுமா?"

"மறுக்கா ஒரு பந்தயம் வைக்கச் சொல்லுடா. தெரிஞ்சிடும்."

"எவன்ண்ணே வைப்பான்?"

இந்த நாலு வரிக்குள் பெரிய வரலாறு இருக்கிறது. குத்துச்சண்டையில் எதிராளி கீழே விழுந்து பத்து எண்ணி முடித்தால் அங்கே யாருக்கும் வாதம் கிடையாது. விழாவிட்டால் முடிவு மேடைக்குக் கீழே நாற்காலியில் இருக்கிறவர்கள் கைக்குப் போய்விடுகிறது. அவர்கள் எந்த ஊர், யார் அனுப்பி வந்தவர்கள் என்பதெல்லாம் அங்கேதான் நுழைகிறது. ஆகவே அதிகாரம் இல்லாதவனுக்கு எல்லா ஊரிலும் ஒரே புத்திமதி: பாயிண்டுக்கு விடாதே, சாய்த்துவிடு. நம் பிள்ளைகள் கேட்டு வளர்கிற புத்திமதியும் இதுதான். மற்றவன் பாஸானால் போதும், நீ முதல் மார்க் வாங்கணும். வாங்கினாலும் கோட்டா என்பான்.

சரிதா தலித் இல்லை, மெய்தி. அவர் கதையை அப்படியே எடுத்து நம் கதை என்று ஒட்டிக்கொள்ள நான் சொல்லவில்லை. தோற்றதாக அறிவிக்கப்பட்டவர் வாய் திறந்தால் என்ன நடக்கும் என்பதுதான் நமக்குப் பழக்கமான இடம்.

இதே கொரியாவில், 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப்போட்டியில், அமெரிக்கக் கறுப்பின இளைஞர் ராய் ஜோன்ஸ் விட்ட குத்துகளில் 86 பட்டதாகவும், எதிராளி பார்க் சி-ஹன் விட்டதில் 32தான் பட்டதாகவும் கணக்கெடுத்தார்கள். தீர்ப்பு 3-2 என்று பார்க் பக்கம் போனது. அந்த ஒலிம்பிக்கின் சிறந்த வீரர் என்ற கோப்பையை அதே ராய் ஜோன்ஸுக்குக் கொடுத்தார்கள்! கூத்துதான். அந்த அவமானத்தில்தான் 1992 பார்சிலோனாவில் மெஷின் வந்தது. ஐந்து நடுவர்களில் மூன்று பேர் ஒரு நொடிக்குள் பட்டனை அழுத்தினால் ஒரு புள்ளி. மனிதன் பொய் சொல்வான், மெஷின் சொல்லாது என்றார்கள். பட்டனை அழுத்துகிற விரல் மனித விரல்தானே? படபடவென்று விழுகிற குத்துகளில் பாதி கணக்கில் ஏறவில்லை. 2013இல் மெஷினைத் தூக்கிப் போட்டுவிட்டு, ரவுண்டை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9 அல்லது அதற்குக் கீழே என்ற முறைக்கு வந்தார்கள். சரிதாவுக்குப் போட்டது இந்தக் கணக்கு.

மனு எல்லோருக்கும் தள்ளுபடி ஆகிறதா என்றால் அதுவும் இல்லை. 2012 லண்டனில் சுமித் சங்வான் 15-14 என்று பிரேசில்காரரிடம் தோற்றதாக அறிவித்தார்கள். இந்தியா மனுப் போட்டது, தள்ளினார்கள். அடுத்த சில நாளில் விகாஸ் கிருஷன் அமெரிக்காவின் எர்ரோல் ஸ்பென்ஸை 13-11 என்று வென்றார். அமெரிக்கா மனுப் போட்டது. மணிக்கணக்கில் வீடியோ பார்த்து, விகாஸ் பிடித்துக்கொண்டதற்கும் பல் கவசத்தைத் துப்பியதற்கும் ரெஃபரி எச்சரிக்கை தந்திருக்க வேண்டும் என்று சொல்லி 15-13 என மாற்றி எழுதிவிட்டார்கள். விதிப்படி இரண்டும் வேறு வேறு வகை மனு என்பது உண்மை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆளுக்கு அந்த வித்தியாசத்தை விளக்கிப் பாருங்கள்.

தீர்ப்பு என்றாலே நமக்கு வேறொன்று ஞாபகத்துக்கு வரும். 1968 கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்தார்கள். 1973இல் உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தது. அத்தனை வசதிபடைத்தவர்கள் தாங்களே நடந்துபோய்க் கொளுத்தியிருப்பார்களா என்று அதற்குச் சந்தேகம். குத்துச்சண்டைக்கும் அதற்கும் முடிச்சுப் போடலாமா என்று கேட்பார்கள். ஒரு மெடலும் 44 உயிரும் ஒன்றில்லை. நாற்காலியின் சுபாவத்தை மட்டும்தான் சொல்கிறேன்.

அந்தப் பையன் கேட்ட மறுபந்தயம் காசு புழங்குகிற தொழில்முறை ஆட்டத்தில் உண்டு. 1947 டிசம்பர் 5, நியூயார்க். ஜோ லூயிஸை ஜெர்சி ஜோ வால்காட் இரண்டு தடவை கீழே தள்ளினார். ரெஃபரி வால்காட்டுக்குப் போட்டார், இரண்டு நடுவர்கள் லூயிஸுக்குப் போட்டார்கள். கூட்டம் கூச்சல் போட்டது. 1948 ஜூன் 25இல் மறுபடி மோதி, பதினோராவது ரவுண்டில் லூயிஸ் நாக்-அவுட் செய்தார். சந்தேகம் தீர்ந்தது, வசூலும் ஆனது. ஒலிம்பிக், ஆசியப் போட்டி வகையறாவில் இது கிடையாது. ஒரு தடவை கை தூக்கினால் தூக்கியதுதான்.

வடசென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகளின் பந்தயங்கள் பலவும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. துறைமுகத்திலும் மீன்பிடியிலும் வேலை செய்த சனங்களின் வாய்ச்சண்டையில்தான் அவை தங்கியிருக்கின்றன. "அன்னிக்கு அவன் வுழலடா, வழுக்கிட்டான்" என்று பேரன் காலத்திலும் பேசுவார்கள். 2021இல் வந்த பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை'யில் ஜெயிக்கப்போகிற கபிலனை மேடையேறித் தாக்கி, துணியை உருவி, ஆட்டத்தையே குலைத்துவிடுகிறார்கள். படத்தின் மறுபாதி முழுக்க அந்த மறுபந்தயத்துக்கான தவிப்பு. நிஜத்தில் கிடைக்காததை சினிமாவில் வாங்கிக்கொண்டோம்.

எங்கள் திருவதிகை வீரட்டானம் சிவன் முப்புரம் எரித்த தலம். சமணராக இருந்த தருமசேனர் திரும்பிவந்து அப்பர் ஆனதும் இங்கேதான். பல்லவன் சமணப் பள்ளிகளை இடித்து அந்தக் கல்லால் திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டினான் என்று பெரியபுராணம் பெருமையாகச் சொல்கிறது. சமணர்கள் தங்கள் தரப்பில் எழுதியது எதுவும் நம் கையில் இல்லை. சரிதா விஷயத்தில் வீடியோ இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இருந்தும் என்ன ஆயிற்று?

பதக்கத்தை மறுத்ததற்காக உலகக் குத்துச்சண்டை அமைப்பான ஐபா அவரை இடைநீக்கம் செய்தது. நிபந்தனையில்லாமல் மன்னிப்புக் கேட்டார். அப்படியும் டிசம்பரில் ஓராண்டுத் தடையும் 1,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும் விதித்தார்கள். திமிர் பிடித்தவள் என்று நம் பெண்களைச் சொல்கிற அதே சொல் எங்கள் பெஞ்சிலும் விழுந்தது. என் கருத்து வேறு. பார்க் ஜி-னாவின் கழுத்தில் மாட்டியது மட்டும் சரியில்லை. அந்தப் பெண் மார்க் போடவில்லை. அவளும் அடி வாங்கி, இறுதியில் சீனாவின் யின் ஜுன்ஹுவாவிடம் தோற்று வெள்ளியோடு போனவள்தான். மாட்டுவதென்றால் நாற்காலியில் மாட்டியிருக்க வேண்டும்.

அந்த ஐபாவின் ஆட்சியில் நடந்த 2016 ரியோ ஒலிம்பிக்கில் முடிவுகளை வளைக்கும் ஏற்பாடே இருந்ததாக ரிச்சர்ட் மெக்லாரனின் விசாரணை 2021இல் சொன்னது. 2023 ஜூனில் சர்வதேச ஒலிம்பிக் குழு அதன் அங்கீகாரத்தையே ரத்து செய்தது. அதே 2023இல் பார்க் சி-ஹன் அமெரிக்காவில் ராய் ஜோன்ஸின் வீட்டுக்குப் போய், முப்பத்தைந்து வருஷமாக வைத்திருந்த தங்கத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தார். எந்த அமைப்பும் சொல்லி அவர் செய்யவில்லை.

சரிதா தடை முடிந்து திரும்பினார். ரியோவுக்குத் தகுதி கிடைக்கவில்லை. 2017 ஜனவரி 29இல் இம்பாலில், சொந்த சனங்களின் முன்னால், தொழில்முறை வீராங்கனையாக ஹங்கேரியின் சோஃபியா பெடோவோடு மோதினார். நாக்-அவுட் ஆகவில்லை. பாயிண்டில்தான் ஜெயித்தார், நடுவர்கள் ஏகமனதாக.