பாட்டு யாருடைய உடைமை?

பாடி முடிந்த பாட்டு காற்றோடு கலந்துவிடும் என்பதே நெடுங்கால நியதி. 1877இல் தோமஸ் எடிசன் ஒலியைப் பதிந்து மீட்டும் பொறியை அமைத்தார். 1887இல் எமில் பேர்லினர் தட்டையான இசைத்தட்டை உருவாக்கினார். ஒரே பதிவிலிருந்து ஆயிரக்கணக்கான தட்டுகளை அச்சிடும் வழி பிறந்தது. இசை சந்தைப் பண்டமாயிற்று.

எனினும், அப்பண்டத்தை வாங்கியவருக்கு அது சொந்தம். இரவல் கொடுக்கலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். 1908இல் அமெரிக்க அதியுயர் நீதிமன்றம், ஒருமுறை விற்கப்பட்ட நூற்பிரதியின் மறுவிற்பனை விலையைப் பதிப்பாளர் கட்டுப்படுத்த இயலாதெனத் தீர்ப்பளித்தது. அத்தத்துவம் இசைத்தட்டுக்கும் பொருந்திற்று.

1963இல் பிலிப்ஸ் கம்பனி ஒலிநாடாக் கசற்றை வெளியிட்டது. கேட்பவர் பதிபவருமானார். இந்தியாவிலே 1980களில் மலிவான கசற்றுகள் பெரிய கிராமபோன் கம்பனியின் ஆதிக்கத்தைத் தகர்த்தன. தட்டில் இடம்பெறாத வட்டாரப் பாடல்கள் சந்தைக்கு வந்தன. திருட்டுப் பிரதிகளும் கூடவே பெருகின என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

1999இல் தோன்றிய நாப்ஸ்டர், இணையவழி பாடல்களைப் பகிர வகைசெய்து, 2001இல் நீதிமன்ற ஆணையால் முடங்கியது. முதலாளிகள் வேறு வழி கண்டனர்: விற்பதை விட்டு வாடகைக்கு விடுவது! சுவீடனிற் பிறந்து 2008இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட ஸ்பொட்டிஃபை, 2021இல் இலங்கைக்கும் வந்தது.

இதன் நன்மையை நாம் மறுக்கவில்லை. ஒரு தட்டேனும் வாங்க வசதியற்ற மாணவர் இன்று கோடிக்கணக்கான பாடல்களைச் சிறு சந்தாவுக்கோ, விளம்பரங்களைச் சகித்து இலவசமாகவோ கேட்கிறார். ஆனால், அவர் கையில் எஞ்சுவது யாது? 2022இல் நீல் யங் கொள்கை முரண்பாட்டால் தம் பாடல்களை ஸ்பொட்டிஃபையிலிருந்து விலக்கினார். 2024இலேயே அவை திரும்பின. கலைஞருக்கு அவ்வுரிமை உண்டு. ஆயினும் அந்த ஈராண்டுகளும் தட்டை வைத்திருந்தவர் வீட்டில் அவர் குரல் ஒலித்தது. அச்சேவையை மட்டும் நம்பியிருந்தவருக்கு மௌனமே மிஞ்சியது.

இதனினும் பெரிய இழப்பு 2019இல் வெளிப்பட்டது. மைஸ்பேஸ் என்னும் தளம், கணினிச் சேமிப்பை மாற்றுகையில், 2015 வரை அங்கு ஏற்றப்பட்ட பாடல்களை இழந்துவிட்டது. இழந்தவை ஐந்து கோடிக்கு மேல் என மதிப்பிட்டனர். பெரும்பாலானவை பெயர் பெறாத எளிய கலைஞர்களின் ஆக்கங்கள். ஏறத்தாழ ஐந்து இலட்சம் மட்டும் மீண்டன. கல்வியாய்வுக் குழுவொன்று முன்னரே பிரதியெடுத்து வைத்திருந்ததே காரணம்.

இப்பாடம் நமக்குப் புதியதன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகள் மீளவேயில்லை. பல கைகளில் இருப்பதே பிழைக்கிறது.

ஆகவே, வாடகைக்குக் கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. நாம் போற்றும் பாடல்களை விலைகொடுத்து வாங்கி நம்மிடமே வைப்போம். நம் கிராமத்துக் கூத்துப் பாட்டையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் பாடுவோரின் சம்மதத்துடன் பதிந்து, பாடசாலையில் ஒன்று, வாசிகசாலையில் ஒன்று, வீட்டில் ஒன்றாகப் பாதுகாப்போம். மக்கள் படைத்த இசையின் நினைவு மக்கள் கையிலேயே இருக்கட்டும்.